அல்லி மலரின் உறுப்பமைவு

மலரின் புறவிதழைப் புல்லி என்றும் அகவிதழை அல்லி என்றும் வழங்குவது தமிழ் மரபு. நீரில் பூக்கும் செடியொன்றிற்கும் அல்லி என்றே பெயர். வடமொழியின் நீலோற்பலம் பாரசீகத்தின் வழியே அரபியில் புகுந்து 'நீலூஃபர்' ஆயிற்று. யூனானி மருத்துவர்கள் ஷர்பத் வடிக்கும் நீலூஃபர் இதுவே. மருந்தாக நாம் அறிந்த இம்மலரை அதன் அமைப்பின் வழியே இங்கு நோக்குவோம்.

பெரும்பாலான மலர்களில் புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்னும் நான்கும் தெளிவான எல்லையுடன் நிற்கின்றன. அல்லியிலோ அவ்வெல்லை மங்கிவிடுகிறது. வெளியே நான்கு புல்லிகள். உள்ளே பல அல்லி இதழ்கள். உள்நோக்கிச் செல்லச் செல்ல இதழ்கள் குறுகுகின்றன. பின்னர் நுனியில் மகரந்தப்பை தாங்கிய, இதழ்போல் அகன்ற தாள்களையும், அவற்றிற்கும் உள்ளே மெலிந்த தாள்களையும் காண்கிறோம். இதழ்களும் தாள்களும் சூலகத்தின் பக்கச்சுவரிலேயே ஒட்டி எழுகின்றன. நடுவில் பல சூலிலைகள் வட்டமாக இணைந்து கிண்ணம்போல் அமைகின்றன.

இவ்வுறுப்புகள் சுருள்வரிசையில் அமைந்தவை என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். மலர்ந்த பூவைப் பார்ப்போருக்கு அவ்வாறே தோன்றும். ஆனால் இளமொட்டை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, முதல் இதழ்கள் புல்லிகளின் இடைவெளிகளில் முளைப்பதும், அடுத்தவை அவற்றிற்கு மாற்றிடங்களில் எழுவதும் புலனாயின. எனவே அடிப்படை அமைவு வட்டமே. முதிர்ந்த வடிவத்தை மட்டும் கண்டு தோற்றமுறையைத் தீர்மானிக்கலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

அவ்வாறாயின் இதழ்தான் தாளாக மாறுகிறதா? இல்லை. ஒவ்வொரு முகிழும் தன் இடத்திலேயே தோன்றித் தனக்குரிய வடிவை அடைகிறது. உறுப்பின் அடையாளத்தை மூவகை மரபணுக்களின் கூட்டு நிர்ணயிக்கிறது என்னும் கொள்கை 1991இல் வகுக்கப்பட்டது. அல்லி போன்ற தொன்மையான கிளைகளில் அம்மரபணுக்களின் செயற்களங்கள் கூரிய எல்லையின்றி ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து, ஓரங்களில் படிப்படியாக மங்குகின்றன என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். இடைநிலை உறுப்புகள் தோன்றுவதற்கு இதுவே காரணமாகலாம்.

இவ்வமைவுக்குப் பயனும் உண்டு. முதல்நாள் பூ பெண்ணாகச் செயற்படுகிறது. அப்போது நடுக்கிண்ணத்தில் திரவம் நிறைந்திருக்கும். வேறு பூவிலிருந்து வரும் பூச்சி அதில் வழுக்கி வீழ, அதன் உடலிலுள்ள மகரந்தம் கழுவப்படுகிறது. மறுநாள் முதல் தாள்கள் வெடித்து மகரந்தம் வழங்குகின்றன. பூத்து முடிந்தபின் காம்பு வளைந்து நீருள் மூழ்க, கனி அங்கேயே முதிர்கிறது.

பூக்குந் தாவரங்களின் மரபுவரிசையில் அல்லிக்குடும்பம் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளை என்பதை 1999ஆம் ஆண்டின் மூலக்கூற்று ஆய்வுகள் காட்டின. 2020இல் வெளியான அல்லியின் முழு மரபணுத்தொகுதி ஆய்வும் இதற்கு வலுவூட்டியது. ஆயினும் இன்றைய அல்லியை ஆதிமலர் எனக் கொள்வது பிழை. பிரிந்த நாள்முதல் அதுவும் மாறியே வந்துள்ளது. ஆதிக்கிளையான அம்பொரெல்லாவில் உறுப்புகள் உண்மையாகவே சுருளாக அமைந்திருப்பதை நோக்கின், தொன்மைக்கு ஒரே வடிவம் இல்லை என்பது தெளிவாகும்.

அவ்வாறே தாமரையை அல்லியின் உடன்பிறப்பாகக் கருதுவதும் தோற்ற மயக்கமே. தாமரையின் சூலிலைகள் தனித்தனியாகப் பூத்தளத்தில் புதைந்துள்ளன; அதன் நெருங்கிய உறவினரோ மலைத்தோட்டங்களில் நிழல்தரும் சில்வர் ஓக் போன்ற மரங்கள். ஒரே குளத்தில் வாழ்வது உறவுக்குச் சான்றன்று. மொட்டின் உள்ளமைவும் மரபணுவுமே சான்றாகும்.