ஒரகடத்தில் நின்ற கார் லைன்: சைபர் போருக்கும் நம்ம ஷிப்டுக்கும் என்ன தொடர்பு?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க கம்ப்யூட்டர் திரைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறின. 'உங்க ஃபைல்களைப் பூட்டிட்டோம், 300 டாலரை பிட்காயினில் கட்டுங்க' என்று மிரட்டல். 'வான்னாக்ரை' என்ற அந்த ரான்சம்வேர், பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளையும் பிரான்ஸில் ரெனோ ஆலைகளையும் முடக்கியது. மறுநாள் வந்த செய்திகளில் நம்ம ஊரும் இருந்தது: ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிசான் கார் ஆலை.

ஒரகடம் மேல யாருக்கு என்ன கோபம்? யாருக்கும் இல்லை. சைபர் ஆயுதத்தின் சிக்கலே அதுதான். விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தும் கருவியை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ ரகசியமாக வைத்திருந்தது. அது 2017 ஏப்ரலில் இணையத்தில் கசிந்தது. அதை எடுத்து வான்னாக்ரையில் பொருத்தியது வட கொரியா என்று அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா குற்றம்சாட்டியது. வட கொரியா மறுத்தது. ஒரு நாடு செய்த ஆயுதம், இன்னொரு நாட்டின் கைக்குப் போய், நம்ம அசெம்ப்ளி லைனில் வந்து விழுந்திருக்கிறது.

இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. அப்புறம் ஏன் போடலை? ஆபீஸ் லேப்டாப் என்றால் மதிய சாப்பாட்டு நேரத்தில் அப்டேட் முடிந்துவிடும். ஷாப் ஃப்ளோரில் கதையே வேறு. ரோபோவையும் கன்வேயரையும் இயக்கும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ண லைனை நிறுத்தணும். அப்டேட்டுக்குப் பிறகு பழைய சாஃப்ட்வேர் ஓடுமா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஓடுற மெஷினில் யார் கை வைப்பது? தள்ளிப்போட்டே பழகிவிடுகிறார்கள்.

கார் ஆலையாவது பரவாயில்லை. 2019 அக்டோபர் 29-இல், தாக்குதலே நடக்கவில்லை என்று கூடங்குளம் அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. அடுத்த நாளே, தங்கள் கம்ப்யூட்டர் ஒன்றில் மால்வேர் இருந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இணையத்துடன் இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில்தான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது, உலையை இயக்கும் நெட்வொர்க் தனி என்றும் விளக்கம் தந்தது. அந்தப் பிரிவினை இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு எச்சரித்த விஷயத்தை, கிட்டத்தட்ட 8 வாரம் கழித்து ஏன் மறுத்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டியது ஜப்பான் கதை. 2022-இல் கோஜிமா என்ற பாகம் சப்ளை செய்யும் கம்பெனியில் சைபர் தாக்குதல். விளைவு, மார்ச் 1-ஆம் தேதி டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. சுமார் 13,000 கார்களின் உற்பத்தி போச்சு. 2025 செப்டம்பரில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவருக்கு இது தலைகீழாக நடந்தது. பெரிய கம்பெனி சுமார் 5 வாரம் முடங்க, ஆர்டர் இல்லாமல் தவித்தவை சின்ன வெண்டர்கள். பிரிட்டன் பொருளாதாரத்துக்கு 190 கோடி பவுண்டு இழப்பு என்று அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது.

சரி, நம்ம சட்டம் என்ன சொல்கிறது? முடங்கினால் நாட்டின் பாதுகாப்போ பொருளாதாரமோ தள்ளாடும் என்ற அளவுக்கு முக்கியமான கம்ப்யூட்டர் அமைப்புகளைக் காக்க 2014-இல் என்சிஐஐபிசி என்ற தேசிய மையம் அறிவிக்கப்பட்டது. 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அரசு அறிவித்ததில் அத்துமீறி நுழைந்தால் 10 ஆண்டு வரை சிறை. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து எல்லாம் அந்த மையத்தின் கவனத்தில் உண்டு. கார், செல்போன் உற்பத்தி தனித் துறையாக அந்தப் பட்டியலில் இல்லை. ஒரகடத்துக்குக் கரன்ட் தரும் கிரிட் 'முக்கியம்'. அந்தக் கரன்ட்டில் ஓடும் ஆலை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு விதி மட்டும் எல்லோருக்கும் பொது. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கணும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. பன்னாட்டு கம்பெனிக்கும் அதே கெடு, ஐ.டி.க்கென்று தனி ஆள் இல்லாமல், 40 பேரை வைத்து பிரஸ் ஷாப் நடத்தும் இருங்காட்டுக்கோட்டை வெண்டருக்கும் அதே 6 மணி நேரம்தான்.