வெற்றுத் தோட்டாவின் கதை

துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டதும் தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது வேட்டைப் பெருமை பேசும் கட்டுரையன்று. எத்தனையோ பழைய வீடுகளில், பாட்டனார் காலத்துப் பீரோவின் அடித்தட்டில், துணியில் சுற்றிய துப்பாக்கி ஒன்று இன்னமும் உறங்கிக் கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு டப்பாவில் பித்தளைத் தோட்டாக்களும் கிடக்கும். அந்த டப்பாவைப் பற்றியதே இந்தக் கட்டுரை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம் படிக்க வேண்டிய விஷயமுங்கூட.

மதுரைக்கு வடக்கே, வாடிப்பட்டியைத் தாண்டிச் சிறுமலை அடிவாரத்தில் எங்கள் உறவினர் ஒருவருக்குத் தோப்பும் நிலமும் உண்டு. முறைக்கு அவர் எனக்கு மாமா. அறுவடைக் காலத்தில் காட்டுப்பன்றிகள் மலையிலிருந்து இறங்கி, ஒரே இரவில் கடலைக் கொல்லையை உழுது போட்டுவிடும். சென்ற தடவை நான் போயிருந்தபோது, திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் சுமார் முப்பது வெற்றுத் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய தகப்பனார் வாங்கிய பழைய ரைபிள்.

"மாப்பிள்ளை, நீங்கள் நாலு புஸ்தகம் படித்தவர். சொல்லுங்கள். இந்தக் கூடெல்லாம் நல்ல பித்தளை. மருந்தையும் குண்டையும் மறுபடி அடைத்தால் சுடாதா? புதுத் தோட்டா வாங்க அலைந்து மாளவில்லை. பட்டாசு மருந்து கொஞ்சம் போட்டால் போதும் என்கிறான் ஒருவன்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. "மாமா, இரண்டு நாள் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கலானேன்.

தமிழில் வெடிமருந்துக்கும் 'மருந்து' என்றுதான் பெயர். துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது என்பது பழைய வழக்கு. பழைய நாட்டுத் துப்பாக்கிக்கு இந்த வேலையெல்லாம் குழல் வாயிலேயே நடக்கும். மருந்தைக் கொட்டி, கந்தலைத் திணித்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவையனைத்தும் ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அடங்கின. கூட்டின் அடியில் கேப்பு, நடுவில் மருந்து, மேலே குண்டு. குதிரை விழுந்து கேப்பைத் தட்டினால் பொறி பறந்து மருந்து பற்றுகிறது. பித்தளை ஒரு கணம் விரிந்து குழலோடு ஒட்டிக்கொண்டு புகையைப் பின்னால் விடாமல் தடுக்கிறது. பிறகு சுருங்கி எளிதாக வெளியே வருகிறது. குண்டும் மருந்தும் போய்விட்டாலும் கூடு மிஞ்சுவதால்தான், அதை மறுபடி நிரப்பலாம் என்ற எண்ணம் மனிதனுக்கு உண்டாகிறது.

மேல்நாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளை மலிவாக வாங்கியவர்கள், அவற்றிற்குரிய தோட்டா கடையில் கிடைக்காதபோது தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அப்படி அங்கே போய்ச் சேர்ந்தவற்றில் நம் நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் உண்டு. வங்காளத்து இஷாப்பூரில் பிரிட்டிஷ் சர்க்கார் 303 ராணுவ ரைபிள்களைப் போலீசுக்கென்று மாற்றியமைத்தது. குழலின் உள்வரிகள் இல்லை. பல தோட்டா கொள்ளும் பெட்டியை மரக்கட்டையால் அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. இதற்கு 410 மஸ்கெட் என்று பெயர். வேலைக்கு வைத்த இந்தியப் போலீஸ்காரனிடங்கூட முழுத் துப்பாக்கியைக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த மஸ்கெட்டுக்கு இன்று தோட்டா தேடும் அமெரிக்கர்கள், 303 கூட்டை எடுத்துத் திருத்தி, நிரப்பிச் சுடுகிறார்கள்.

இந்த அவநம்பிக்கையின் கதை நம் பக்கத்திலேயே தொடங்கியது. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1ஆந் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் சீமையில் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். ஆயுதம் வைத்திருப்பது குற்றம். அதுவரை வேலும் வளரியும் துப்பாக்கியும் பழகியிருந்த கிராமங்கள் வெறுங்கையாயின. 1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு இதே கொள்கை தேசம் முழுவதும் பரவியது. அந்தப் புரட்சிக்கும் உடனடிக் காரணமாக நின்றது கொழுப்புத் தடவிய என்பீல்டு தோட்டா அல்லவா? 1878ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியர் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கலாகாது, ஐரோப்பியருக்கு விலக்கு. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில், அதே பிரபுவின் கையால் பிறந்தது. தோட்டாவையும் பேனாவையும் ஒரே மூச்சில் பறித்துக்கொண்டார்கள்.

தோட்டாவை மறுபடி நிரப்புவதைக் கண்டு ஒரு சாம்ராஜ்யமே அஞ்சியது என்றால் நம்புவீர்களா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 450 அளவுள்ள வேட்டைத் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வரக்கூடாதென்று தடை பிறந்தது. வேட்டைத் தோட்டாவின் குண்டும் மருந்தும் பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்பதே அச்சம். அதுபோல 303 அளவும் குடிமக்களுக்கு விலக்கப்பட்டது. ஆகவே பர்மிங்காம் கம்பெனியார் இந்தியாவுக்கென்று 315 அளவில் வேட்டை ரைபிள் செய்து அனுப்பினர். உருவம் ராணுவத்து லீ-என்பீல்டு. தோட்டாவோ ஆஸ்திரியாவில் 1890ஆம் ஆண்டையொட்டி வழங்கிய மான்லிச்சர் வகை. பட்டாளத்துத் தோட்டா அதில் நுழையாது. பின்னர் இஷாப்பூரிலும் 315 செய்யத் தொடங்கினார்கள். மாமாவின் ரைபிள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சுதந்திர இந்தியாவிலும் 303 தடைப்பட்ட அளவாகவும், 315 லைசென்ஸில் கிடைப்பதாகவும் நிலைத்துவிட்டது.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். மறுபடி நிரப்பினால் சுடாதா? சுடும். எந்தப் பக்கம் சுடும் என்பதுதான் சந்தேகம்.

முதலாவது, மருந்து. ராணுவத் தோட்டாவில் இருப்பது கரிமருந்தன்று, புகையில்லா மருந்து. 1889ஆம் ஆண்டில் ஏபல், டிவார் என்ற இரு விஞ்ஞானிகள் கண்ட கார்டைட் அவ்வகையில் புகழ்பெற்றது. கயிறு கயிறாக இருப்பதால் அந்தப் பெயர். நம் நீலகிரியில், குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் அதற்கென்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலை எழுந்தது. இத்தகைய மருந்து படிப்படியாக எரிந்து குண்டைத் தள்ளுகிறது. பட்டாசு மருந்தோ தள்ளுவதற்கு ஏற்பட்டதன்று; சத்தமிட்டுச் சிதறுவதற்கு ஏற்பட்டது. 303 போன்ற ரைபிளின் அறைக்குள் சதுர அங்குலத்துக்கு நாற்பதாயிரம் ராத்தலுக்கு மேல் அழுத்தம் உண்டாகிறது. அந்த இடத்தில் ஊகத்துக்கும் கைப்பிடி அளவுக்கும் வேலையில்லை. அளவு தவறினால் இரும்பு கிழியும். கண்ணும் கையும் போகும்.

இரண்டாவது, நம் ஊர் வெயில். கார்டைட் சூடேறினால் அதன் அழுத்தமும் ஏறும். ஆகையால் இந்தியாவுக்கு அனுப்பும் பெரிய வேட்டைத் தோட்டாக்களில் சீமைக் கம்பெனியார் மருந்தைக் குறைத்தே அடைத்தார்கள். குளிர்தேசத்துப் புத்தகத்தில் கண்ட அளவைச் சித்திரை மாதத்து மதுரை வெயிலில் நம்புவது விவேகமாகாது.

மூன்றாவது, கூடு. லீ-என்பீல்டு வகையில் பூட்டு பின்புறத்தில் இருப்பதால், ஒவ்வொரு சூட்டுக்கும் கூடு சிறிது நீள்கிறது. சில தடவைக்குப் பின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெல்லிய வளையமாக விரிசல் காணும். அடுத்த சூட்டில் கூடு இரண்டாகப் பிரியலாம். பழம் பித்தளையின் கழுத்தும் இறுகி வெடிப்பு விடும்.

நான்காவது, கேப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கரான பெர்டன் கண்ட முறையை ஐரோப்பியரும் பிரிட்டிஷ் ராணுவத்தாரும் கைக்கொண்டனர். ஆங்கிலேயரான பாக்ஸர் கண்ட முறையை அமெரிக்கர் கைக்கொண்டனர்! பாக்ஸர் கூட்டில் நடுவே ஒரே துளை. ஊசியால் குத்திப் பழைய கேப்பைத் தள்ளிவிடலாம். பெர்டன் கூட்டில் நடுவே சிறு மேடும் பக்கத்தில் துளைகளும் இருப்பதால், அது எளிதில் நடவாது. நம் பழைய தோட்டாக்களில் பல இவ்வகையின. அன்றியும், பழைய கேப்புகளிலிருந்த ரசாயனம் குழலில் உப்பைப் படியவிட்டு, ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கச் செய்யும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய் சுட்டவுடன் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினான்.

இத்தனைக்கும் மேலே சட்டம் இருக்கிறது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்து, 1962 அக்டோபர் 1 முதல் அமலாயிற்று. துப்பாக்கி வைத்திருக்க ஒரு லைசென்ஸ். தோட்டா செய்வதற்கு வேறு லைசென்ஸ். முன்னது இருப்பதனால் பின்னது வந்துவிடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பன்றித் தொல்லைக்கும் வழி பிறக்காமல் இல்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாமென்று தமிழக அரசு 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. சுட வேண்டியவர்கள் அவர்கள்; மாமா அல்லர்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது மாமாவின் முகம் வாடிவிட்டது. "வெள்ளைக்காரன்தான் நம்மை நம்பவில்லை. நம் சர்க்காருமா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கியதை மகாத்மாவே பிரிட்டிஷ் ஆட்சியின் பெருங்குற்றமாக எழுதியிருக்கிறார். 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரசில் நிறைவேறிய உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. ஆனால் 1950ஆம் ஆண்டில் அமலான அரசியல் சட்டத்தில் அந்த உரிமை இடம்பெறவில்லை. வேறொன்று இடம்பெற்றது: அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்குரிய உரிமை.

இதன் மதிப்பு மதுரைச் சீமைக்குத் தெரியும். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆந் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பெயரைப் பதிவு செய்ய மறுத்துக் கூடிய ஜனங்கள்மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற மாதரசி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அன்று அவ்வூர் மண்ணில் உதிர்ந்தவையும் இதே போன்ற வெற்றுக் கூடுகள்தாம். அவற்றை நிரப்பித் திருப்பிச் சுட்டு நாம் சுதந்திரம் பெறவில்லை. சுடப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையோடு கூடி நின்று பேசும் உரிமையே நாம் பெற்ற சுதந்திரம்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. அப்போது அவருடைய பேரன், பத்து வயதுப் பையன், ஓடிவந்து வரிசையிலிருந்த கூடு ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதினான். 'உய்' என்று விசில் சத்தம் எழுந்தது. மாமா திடுக்கிட்டு அதைப் பிடுங்கினார். அந்த வரிசையில் சுடாத பழைய தோட்டாக்கள் மூன்றும் கலந்திருந்ததை அப்போதுதான் இருவரும் கவனித்தோம்.

மறுநாள் காலை அவர் என்னையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் புறப்பட்டார். துப்பாக்கிக்குரியவர் காலமாகி, வாரிசுக்கு லைசென்ஸ் இல்லையென்றால், காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ அதை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். வாரிசு தம் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனுச் செய்துகொள்ளலாம். மாமாவுக்கு லைசென்ஸ் உண்டு. எனவே ரைபிள் வீடு திரும்பிப் பூட்டிய பீரோவுக்குள் போயிற்று. பழைய தோட்டாக்கள் மட்டும் திரும்பவில்லை.

நேயர்கள் தங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நலம். குழந்தைகள் பார்ப்பதற்கு முன்னால்.