எஞ்சின் இல்லாத காருக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?

மாணவர்களே, பெட்டாலிங் ஜெயாவின் புக்கிட் காசிங் பக்கம் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது பெடலை மிதிக்கவே வேண்டாம். சைக்கிள் தானாகவே பறக்கும். ஏறும்போது நீங்கள் செலவழித்த ஆற்றல் வீணாகவில்லை. உயரத்தில் சேமிக்கப்பட்ட அது, இறங்கும்போது வேகமாகத் திரும்பி வருகிறது.

இந்த ஒரே உண்மையை வைத்து ஒரு பந்தயமே நடக்கிறது. அதில் ஓடும் மரக் கார்களுக்கு எஞ்சினும் இல்லை, பேட்டரியும் இல்லை.

பத்து வயது மகனுக்காக

அமெரிக்காவில் சிறுவர்கள் தாங்களே செய்த வண்டியில் உட்கார்ந்து சரிவில் இறங்கும் போட்டி ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் மேன்ஹாட்டன் பீச் நகரில் வாழ்ந்த டான் மர்ஃபி என்பவரின் மகனுக்கு அதில் கலந்துகொள்ள ஆசை. ஆனால் அவனுக்குப் பத்து வயதுதான்; போட்டியில் சேர 12 வயதாக வேண்டும். மர்ஃபி குருளைச் சாரணர் குழு ஒன்றின் தலைவர். பெரிய வண்டிக்குப் பதிலாக, கையில் அடங்கும் மரக் காரை அவர் வடிவமைத்தார். முதல் பந்தயம் 1953 மே 15ஆம் நாள் நடந்தது. அதுதான் இன்று ‘பைன்வுட் டெர்பி’ எனப்படுகிறது.

விதிகள் எளியவை. எல்லாருக்கும் ஏறக்குறைய 17.8 செ.மீ. நீளமுள்ள ஒரே அளவு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள். காரின் மொத்தப் பொருண்மை 5 அவுன்ஸைத் தாண்டக்கூடாது, அதாவது சுமார் 142 கிராம். யாரும் தள்ளிவிடக்கூடாது. தடுப்பு விலகியதும் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் இறங்கும்.

கலிலியோ சொன்னது தவறா?

இந்தப் பந்தயத்தில் அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் ஒன்றைச் செய்வார்கள்: காரை அனுமதிக்கப்பட்ட எடைக்கு மிக அருகில் கொண்டுபோவார்கள். கனமான கார்தான் வெல்லும் என்பார்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். 1638இல் வெளிவந்த தம் நூலில், காற்று தடுக்காவிட்டால் கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்று கலிலியோ விளக்கினார். சரிவான பள்ளத்தில் உலோகக் குண்டுகளை உருட்டி, பொருள்கள் எப்படி வேகம் பெறுகின்றன என்பதையும் அளந்தார். 1971இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

அப்படியானால் கனமான கார் மட்டும் எப்படி முந்துகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 1.2 மீட்டர் உயரம் இறங்குகிறது. நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறினால், வேகம் வினாடிக்கு 4.85 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 17.5 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் பொருண்மை இருபுறமும் வந்து அடிபட்டுப் போகிறது. கலிலியோ சொன்னது சரிதான்.

ஆனால் உண்மையான காரிடம் ஆற்றலைப் பறிக்க மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

முதலாவது, அச்சில் ஏற்படும் உராய்வு. கார் கனமானால் உராய்வும் அதே அளவு கூடும். எனவே இதில் கனத்துக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இரண்டாவது, காற்று. காரின் எடை என்ன என்று காற்று கேட்பதில்லை. வடிவத்தையும் வேகத்தையும் மட்டுமே பார்க்கிறது. ஒரே வடிவமுள்ள இரண்டு கார்களைக் காற்று ஒரே விசையுடன்தான் தடுக்கும். அதிக ஆற்றல் வைத்திருக்கும் கனமான காருக்கு அந்த இழப்பு சிறியது. லேசான காருக்குப் பெரியது.

மூன்றாவது, சக்கரங்கள். அவை முன்னே போனால் மட்டும் போதாது, சுழலவும் வேண்டும். சுழற்றுவதற்கும் ஆற்றல் தேவை. 142 கிராம் காரில் சுமார் 5 விழுக்காடு ஆற்றல் சக்கரம் சுழலவே போய்விடும். அதே சக்கரங்களை 70 கிராம் காரில் மாட்டினால் சுமார் 9 விழுக்காடு போய்விடும்.

ஆக, கனமான கார் வேகமாக ‘விழுவதில்லை’. குறைவாக இழக்கிறது. அவ்வளவுதான்.

எடையை எங்கே வைப்பது?

இன்னொரு நுட்பம் உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு கார்களில், எடையைப் பின்பக்கம் வைத்த கார் முந்தும். சரிவின் உச்சியில் காரின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும். பின்பக்கம் உயரத்தில் இருக்கும். 30 பாகைச் சரிவில் ஈர்ப்பு மையத்தை 5 செ.மீ. பின்னால் தள்ளினால், அது 2.5 செ.மீ. கூடுதல் உயரத்தில் இருந்து புறப்படுகிறது. இதனால் வேகம் ஒரு விழுக்காடு கூடும். ‘இவ்வளவுதானா?’ என்று நினைக்காதீர்கள். அதன் பிறகு வரும் 6 மீட்டர் சமதளத்தில் அது சுமார் 6 செ.மீ. முன்னிலை தரும். காரின் நீளத்தில் அது மூன்றில் ஒரு பங்கு!

அதற்காக மிகவும் பின்னால் வைத்துவிடாதீர்கள். முன்சக்கரங்களில் பிடிப்புக் குறைந்து கார் தள்ளாடும். ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 2 அல்லது 3 செ.மீ. முன்னால் இருப்பது நல்லது. காரை ஒரு ரூலரின் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள்; எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அதற்கு நேரே இருக்கிறது ஈர்ப்பு மையம்.

நீங்களே செய்து பாருங்கள்

பைன் மரம் கிடைக்காவிட்டால் நம் நாட்டு ஜெலுத்தோங் மரம் போதும். செதுக்குவதற்கு எளிது. பழைய பொம்மைக் காரின் சக்கரங்களைப் பயன்படுத்தலாம். அறுக்கும் வேலையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். ஆணியின் பிசிறுகளை மெல்லிய மணல்தாளால் தேய்த்து, பென்சில் கரியைப் பொடியாக்கித் தடவுங்கள். அதுதான் கிராஃபைட்; உராய்வைக் குறைக்கும்.

எடைக்கு நாணயங்களே போதும். 2012 முதல் புழக்கத்தில் உள்ள 50 சென் நாணயத்தின் பொருண்மை 5.66 கிராம். கார் 60 கிராம் இருந்தால், 14 நாணயங்களை ஒட்டினால் மொத்தம் 139 கிராமைத் தாண்டும். பந்தயம் முடிந்ததும் 7 ரிங்கிட்டை எடுத்துக்கொள்ளலாம்!

2.4 மீட்டர் பிளைவுட் பலகையின் ஒரு முனையை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்தால் 30 பாகைச் சரிவு கிடைக்கும். பலகை தரையைத் தொடும் இடத்தில் கார் மோதாதபடி ஒரு வளைந்த அட்டையை வையுங்கள்.

இப்போது முக்கியமான விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எடையையும் சக்கரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு, கார் வேகமாக ஓடியதும் ‘எடைதான் காரணம்’ என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். நாம் மேலே கண்ட 6 செ.மீ. முன்னிலை, நேரத்தில் வெறும் 0.013 வினாடி. கைக்கடிகாரத்தால் அதை அளக்க முடியாது. வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் அது மூன்று படங்களாகத் தெரியும்.

மலையில் இறங்கும் பேருந்து

மேசையில் விளையாட்டாகத் தெரியும் இந்தக் கணக்கு, சாலையில் உயிர் சம்பந்தப்பட்டது. கெந்திங் மலையில் இருந்து 12 டன் பேருந்து ஒன்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது அது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 11 கோடியே 76 லட்சம் ஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள 400 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்.

அவ்வளவு வெப்பத்தையும் பிரேக் மட்டும் தாங்க நேர்ந்தால், அது அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் மலைச் சாலையில் ‘தாழ்ந்த கியரைப் பயன்படுத்துக’ என்று பலகை வைக்கிறார்கள். தாழ்ந்த கியரில் எஞ்சினும் சேர்ந்து வேகத்தைத் தடுக்கும். பிரேக்கின் சுமை குறையும்.

உங்கள் மரக் காரில் ஆற்றலை இழக்காமல் காப்பது கெட்டிக்காரத்தனம். மலையில் இறங்கும் பேருந்தில் அதே ஆற்றலைப் பத்திரமாக இழப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அடுத்த முறை குடும்பத்தோடு கெந்திங்கில் இருந்து இறங்கும்போது, எஞ்சினின் உறுமலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.