வாரண்டி முடியுமுன் எஞ்சினைச் சோதிப்போம்

புதிய கார் ஒன்றை வாங்கி ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். காலையில் எஞ்சினை இயக்கியதும் 'டக் டக்' என்று ஓர் ஒலி கேட்கிறது. சர்வீசுக்கு விட்டு இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அதற்குள் எஞ்சின் ஆயில் குறைந்திருக்கிறது. வாரண்டி முடிய இன்னும் இருபது நாள்களே உள்ளன. பணிமனையில் கேட்டால், "எல்லா வண்டியிலும் இப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இக்கேள்விக்கான விடையில் பாதி இயற்பியலிலும் பாதி சட்டத்திலும் உள்ளது. வெறும் ஐயத்தை அளவாக மாற்ற வேண்டும். அந்த அளவைக் கெடு முடியுமுன் எழுத்தில் பதிய வேண்டும். இவ்விரண்டையும் செய்யும் முறையைப் பார்ப்போம்.

கெடு எது?

வாரண்டி என்பது, பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் அந்தப் பாகத்தைச் செலவின்றிப் பழுது பார்த்தோ மாற்றியோ தருவதாகத் தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்குறுதி ஆகும். இயல்பான தேய்மானமும், கவனக்குறைவால் வந்த கேடும் இதில் அடங்கா. இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு: ஒன்று காலம், மற்றொன்று தூரம். எது முந்துகிறதோ அதுவே கெடு.

எடுத்துக்காட்டாக, 24 மாதம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று வாரண்டி அட்டையில் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கி.மீ. நாள்தோறும் வேலைக்குப் போய்த் திரும்புபவருக்கு 130 கி.மீ. ஆண்டில் 300 நாள் சென்றால் 39,000 கி.மீ. ஆகிவிடும். நாட்காட்டியில் இன்னும் ஓராண்டு மிச்சமிருக்கும். வாரண்டியோ முடியும் தறுவாயில் இருக்கும்! ஆகவே நாட்காட்டியோடு தூரங்காட்டியையும் பாருங்கள்.

எஞ்சினுக்குள் நடப்பது

நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும்போது, அதனுள் விநாடிக்கு 100 முறை எரிபொருள் எரிந்து பிஸ்டன்களைத் தள்ளுகிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசை எட்டும். இவ்வளவு வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிஸ்டனும் சிலிண்டர்ச் சுவரும் நேரடியாக உரசிக்கொள்ளாமல் காப்பது, தலைமயிரைவிட மெல்லிய ஆயில் படலமே. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் வாயு கீழே கசியாமலும், ஆயில் மேலே ஏறாமலும் தடுக்கின்றன.

வளையம் ஒட்டிக்கொண்டாலோ தேய்ந்தாலோ, ஆயில் மேலேறி எரிபொருளோடு எரிந்துவிடும். அப்போது நீலநிறப் புகை வரும். எரிபொருள் முழுதும் எரியாவிட்டால் கரும்புகை வரும். சிலிண்டர்த் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் பழுதானால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிந்து இடைவிடாத வெண்புகையாக வெளியேறும்.

ஐயம் வேறு, பழுது வேறு

ஆயினும், வெண்புகையைக் கண்டதுமே அஞ்ச வேண்டியதில்லை. பெட்ரோலில் ஹைட்ரஜன் உள்ளது. அது எரிந்தால் நீராகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரே உண்டாகிறது! குளிர்ந்த காலையில் அந்த நீராவி வெண்மையாகத் தெரிந்து, எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும். மறையாமல் தொடர்ந்து, குளிர்விக்கும் நீரின் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால்தான் கேஸ்கட்டை ஐயுற வேண்டும்.

ஒலியும் அப்படியே. அலுமினியம் வெப்பத்தால் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். அலுமினியப் பிஸ்டன் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி சற்று மிகுதியாக இருப்பதால் தட்டும் ஒலி எழலாம்; சூடேறியதும் அடங்கிவிடும். சூடேறிய பிறகும் ஒலி நீடித்தாலோ, மேட்டில் ஏறும்போது வலுத்தாலோ, அது ஆராயத்தக்கது.

மைலேஜ் குறைவு இன்னொரு புதிர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து பலத்த காற்று பாய்வதை நீங்கள் அறிவீர்கள். முப்பந்தலின் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் காருக்கு எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், காரைத் தாக்கும் காற்றின் வேகம் 90 ஆகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், அது இரண்டேகால் மடங்காகிவிடும். எரிபொருள் மிகுதியாகச் செலவாவது அங்கே எஞ்சினின் குற்றமன்று. ஆகவே ஒரே சாலையில், போகவும் வரவுமாகச் சேர்த்து அளந்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

அளப்பது எப்படி?

ஆயில் குறைவதை நீங்களே அளக்கலாம். சமதளமான ஓரிடத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்து, மட்டத்தைப் பாருங்கள். தேதி, தூரங்காட்டியின் எண், ஆயில் மட்டம், ஊற்றிய அளவு ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை அதே இடத்தில் அதே முறையில் அளந்துவந்தால், 1,000 கி.மீ.க்கு எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிடும். அதைக் காரோடு வந்த கையேடு கூறும் வரம்புடன் ஒப்பிடுங்கள். இக்காலக் கார்களின் புகைக்குழாயில் வினையூக்கிக் கருவி இருப்பதால், நீலப்புகை கண்ணில் படாமலே ஆயில் எரியக்கூடும். கண்ணைவிடக் கணக்கே நம்பத்தக்கது.

அடுத்தது பணிமனையில் செய்யவேண்டிய அழுத்தச் சோதனை. இதை விளக்க நம் ஊர் வயலுக்குப் போவோம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. பேச்சிப்பாறையில் நீர் குறைந்ததா? கால்வாய்க் கரை உடைந்ததா? மடை அடைபட்டதா? வயலில் நின்று பார்த்தால் தெரியாது. வழிநெடுக அளந்து வந்தால் கோளாறு எங்கே என்று தெரியும். எஞ்சினிலும் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் தனித்தனியே அளப்பார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஒன்று மட்டும் குறைந்தால், அதனுள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால் கசிவு பிஸ்டன் வளையத்தில். உயராவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் சேர்ந்து குறைந்தால் நடுவிலுள்ள கேஸ்கட்டே முதல் ஐயத்துக்குரியது.

பேச்சு போதாது

காலக்கெடுவுக்குள் நீங்கள் வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? பணிமனையின் ஜாப் கார்டில் உங்கள் புகாரை, "காலையில் இவ்வளவு நேரம் ஒலி, 1,000 கி.மீ.க்கு இவ்வளவு ஆயில் குறைவு" என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சர்வீஸ்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். சோதனை முடிவின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ ஒரு கடிதம் அனுப்புங்கள். எஞ்சினை வெளியாரிடம் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள். அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடமுண்டு. நீட்டிப்பு வாரண்டி வாங்கினாலும், தெரிந்த குறையைப் பழைய வாரண்டிக்குள்ளேயே பதிந்துவிடுங்கள்; புதியதன் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம்.

மறுத்தால்?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கார் வேறு ஊரில் வாங்கியதாயினும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட இச்சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். வாரண்டி முடிந்த மறுநாளே உரிமை அற்றுப்போவதில்லை. ஆனால் குறை அதற்குள்ளேயே தலைகாட்டியது என்பதை நீங்கள் காட்ட வேண்டும்.

தயாரிப்புக் குறை இருக்கிறது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வாங்கியவர் மீதே விழுகிறது. சோதித்தறிய வேண்டிய குறையாயின், தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் சுசீல் குமார் கப்கோத்ரா என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாகவே வாரண்டி கூறும்போது காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே எடுத்த எடுப்பில் "புதுக் கார் கொடு" என்று கேட்பதைவிட, "இந்தச் சிலிண்டரில் இந்தப் பழுது, இதைச் சரிசெய்" என்று கேட்பது வலுவானது.

வாரண்டி முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறதா? 500 கி.மீ. ஓட்டி ஆயிலை அளக்கவும், அழுத்தச் சோதனை செய்யவும், ஒரு கடிதம் எழுதவும் அது போதும். எஞ்சினில் குறை இல்லையென்று தெரிந்தால் நிம்மதி. இருக்கிறதென்று தெரிந்தால் உங்கள் கையில் சான்று. இரண்டில் எதுவானாலும், இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்துத் தூரங்காட்டியின் எண்ணை எழுதத் தொடங்குங்கள்.