விரற் பயிற்சியும் இசைத்திறமும்

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவிலே, பஞ்சரதங்களும் வீதியுலா வரும் வேளையில், நாதஸ்வரமும் தவிலும் முழங்கக் கேட்டு மெய்ம்மறந்து நின்றோர் நம்முட் பலர். வலக்கை விரல்களிற் கூடணிந்து, இடக்கையிற் கழி பற்றித் தவில் வித்துவான் மின்னலென வாசிக்கும்போது, இவ்விரல் வேகம் இவருக்கு எங்ஙனம் வாய்த்தது என்று வியவாதார் இலர். "எல்லாம் சாதகம், சிறுவயது தொட்டு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப அடித்ததன் பலன்" என்பதே அதற்குப் பெரியோர் வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடை முற்றும் மெய்யா, ஒரு பகுதி மட்டும் மெய்யா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் வாதத்திற்குரிய பொருளன்று. பாடங்களுக்கும் பரீட்சைகளுக்கும் இடையில் நம் மாணவன் ஒருவனுக்கு வீணைக்கோ வயலினுக்கோ மிருதங்கத்திற்கோ பியானோவுக்கோ எஞ்சுவது நாளொன்றில் மிகச் சிறு பொழுதே. அப்பொழுதினைப் பொருளற்ற விரலசைவுகளிற் செலவிட்டால் இசையின்பாற் பிறந்த ஆர்வம் முளையிலேயே கருகிவிடும். பயிற்சியே வேண்டாவென்று பாட்டுக்குத் தாவினாலோ, அடித்தளமின்றி எழுப்பிய சுவர்போல அவன் கல்வி இடையிற் சரிந்துவிடும். இவ்விரண்டினாலும் இசையைக் கைவிட்ட பிள்ளைகள் பலர். ஆதலின் ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் இவ்வினாவைச் சிறிது ஊன்றி நோக்குதல் தகும்.

மேலைநாட்டிலே இவ்வினா பியானோ பயில்வோரிடையே பெரிதும் எழுந்தது. பிரான்சு தேசத்தவராகிய சார்ள்ஸ் லூயி ஹனோன் (1819–1900) என்பார், 60 விரற் பயிற்சிகள் அடங்கிய நூலொன்றினை 1873ஆம் ஆண்டிலே வெளியிட்டார். ஐந்து விரல்களும் ஒத்த வலிமையும் தனித்தியங்கும் ஆற்றலும் பெறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. முதற் பயிற்சிகளில் ஒரே சிறு சுரக்கோவை, படிப்படியாக ஒவ்வொரு சுரமாக மேலேறிப் பின் அவ்வாறே கீழிறங்கும். நூல் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் வாசித்து முடிக்கலாம் என்றும், அதனை நாள்தோறும் செய்தல் வேண்டும் என்றும் அவர் விதித்தார். இன்றும் உலகின் பல பாகங்களிலே அந்நூல் பயிலப்பட்டு வருகின்றது.

இக்கொள்கைக்கு மாறான கருத்துடையோரும் அந்நூற்றாண்டிலேயே இருந்தனர். போலந்து நாட்டு இசைமேதையாகிய ஷோபான் (1810–1849), விரல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அமைப்புடையன ஆதலின் அவற்றைச் சமப்படுத்த முனைதல் வேண்டா, ஒவ்வொன்றின் இயல்பான தொடுகையையும் வளர்த்தலே முறை எனக் கருதினார். ஜெர்மனியரான றொபேட் ஷூமனோ (1810–1856), இளமையிலே விரலுக்கு வலிமையூட்டக் கருதிப் பொறியொன்றினைக் கையாண்டார். 1830களின் தொடக்கத்தில் அவருடைய வலக்கை நடுவிரல் செயற்பாடு குன்றிற்று. பியானோக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டு, இசையாக்கத்தில் அவர் முற்றாக ஈடுபட்டார். அக்கேட்டிற்குக் காரணம் எதுவென்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், விரலை வலிந்து வருத்துவோர்க்கு அவர் வரலாறு ஓர் எச்சரிக்கையாக நிலைபெற்றுவிட்டது.

இவ்விரு கொள்கைகளுள் எது பொருந்தும் என்பதை அறியக் கையின் அமைப்பை நோக்குதல் வேண்டும். விரல்களின் உள்ளே அவற்றை மடக்கி நீட்டும் தசைகள் இல்லை. அத்தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ளன. அவற்றினின்று செல்லும் தசைநாண்களே கயிறுபோல விரலை இழுக்கின்றன. மேலும், புறங்கையிலே நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல் என்பவற்றின் நாண்கள் குறுக்கிழைகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. மற்றை விரல்களை மடித்து வைத்துக்கொண்டு மோதிரவிரலை மட்டும் உயர்த்த முயல்வார் யாவரும் இவ்வுண்மையை நொடியில் உணர்வர். எத்துணைப் பயிற்சி செய்யினும் இப்பிணைப்பு நீங்குவதில்லை. ஆகவே, "விரலுக்கு வலிமை ஏற்றுதல்", "விரல்களைச் சமமாக்குதல்" என்பன உடலமைப்போடு பொருந்தாக் கூற்றுகளாம்.

அங்ஙனமாயின் பயிற்சியினால் மாறுவது எது? மாறுவது பெரிதும் மூளையே என்பதனை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 1995ஆம் ஆண்டிலே அல்வாரோ பஸ்குவல் லியோனி என்பாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்று இவண் மிகப் பயன்படும். பியானோ அறியாதவர்களுக்கு ஒரு கையால் வாசிக்கும் ஐவிரற் பயிற்சியொன்றினைக் கற்பித்து, நாளொன்றுக்கு 2 மணி நேரமாக 5 நாட்கள் பயிலச் செய்தனர். அவ்விரல்களை ஏவும் மூளைப் பகுதி நாளுக்கு நாள் விரிவடைந்தது. அதே நேரத்திற்குக் கட்டைகளைத் தம் மனம்போனவாறு தட்டிக்கொண்டிருந்த வேறொரு குழுவினரிடம் அம்மாற்றம் மிகக் குறைவாகவே காணப்பட்டது. அசைவின் அளவு மட்டும் போதாது, குறித்த ஒன்றைச் செவ்வனே செய்ய முயலும் கருத்தும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாய்விலே இன்னுமொரு வியப்பு உண்டு. மற்றுமொரு குழுவினர், கட்டைகளைத் தொடாது, அப்பயிற்சியை மனத்தினாலேயே வாசித்துப் பார்த்தனர். அவர்தம் மூளையிலும் அத்தகைய விரிவே நிகழ்ந்தது. 5ஆம் நாள் முடிவில் அவர்கள் பெற்றிருந்த திறம், கையாற் பயின்றோர் 3ஆம் நாளில் எய்திய திறத்தை ஒத்திருந்தது. பின்னர் 2 மணி நேரம் மட்டும் கையாற் பயின்றதும், ஏனையோரின் 5ஆம் நாள் நிலையை அவர்கள் எட்டிவிட்டனர்.

இதனைப் படிக்கும்போது நம் முன்னோர் வகுத்த முறை நினைவிற்கு வருதல் இயல்பே. தவிலோ மிருதங்கமோ பயிலும் மாணாக்கன், "தா தீ தொம் நம்" என்னும் சொற்களைக் கையாலே தாளம் போட்டு வாயாற் சொல்லிப் பழகுகின்றான். அச்சொல் உள்ளத்திற் பதிந்தபின் விரல் அதன்வழிச் செல்கின்றது. வீணையும் வயலினும் பயில்வோரும் வரிசைகளை வாயாற் பாடிப் பழகுதல் நம் மரபு. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோரின் கைத்திறத்தைக் கேட்டோர், அவர்தம் விரல் வேகத்தைக் காட்டிலும் அவ்வேகத்தினுள்ளும் மங்காத சொற்கட்டின் தெளிவையே பெரிதும் வியந்தனர். உள்ளத்தில் தெளிந்த கணக்கே கையிலே தெளிந்த ஒலியாகின்றது.

இனி, நம் கர்நாடக இசையிலே தொடக்கப் பயிற்சிகளாக விளங்கும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்பவற்றை நோக்குவோம். 16ஆம் நூற்றாண்டினராகிய புரந்தரதாசர் இவற்றை வகுத்தார் என்பது மரபு. 1931ஆம் ஆண்டிலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்வோரும் இவ்வரிசைகளிலிருந்தே தம் கல்வியைத் தொடங்குகின்றனர். மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இவையும் ஹனோனின் பயிற்சிகள் போன்ற வெறும் விரலசைவுகளாகவே தோன்றும். உள்நுழைந்து பார்ப்பின் வேற்றுமை புலனாகும்.

முதலாவது, இவை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தன. அவ்விராகத்திலே ஸ ரி க ம என்னும் நான்கு சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளிகளும், ப த நி ஸ என்னும் நான்கிற்கிடையே உள்ள இடைவெளிகளும் முற்றும் ஒத்தன. நம் முறையில் வயலினின் தந்திகள் ஸட்ஜ பஞ்சமமாகச் சுருதி கூட்டப்படுதலின், ஒரு தந்தியிற் பழகிய விரலிடைவெளியே அடுத்த தந்தியிலும் அப்படியே பொருந்துகின்றது. புதிதாகப் பயில்வானுக்கு இஃது எத்துணை உதவி என்பதனைச் சொல்லவும் வேண்டுமோ? இரண்டாவது, வரிசைகள் சுருதியோடும் தாளத்தோடும் கூடியே பயிலப்படுகின்றன. ஆதலின் செவி உறங்க இடமில்லை. மூன்றாவது, ஒரே வரிசையை மூன்று காலங்களிலும் வாசித்தல் வேண்டும். ஆகவே திரும்பச் செய்வதிலும் ஒரு வேறுபாடு உண்டு. நான்காவது, ஒவ்வொரு பயிற்சிக்கும் இசைப்பயன் ஒன்றுளது. ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்கும் ஜண்டை வரிசை, இரண்டாவது சுரத்திலே அழுத்தம் தரப் பழக்கி, ஸ்புரிதம் என்னும் கமகத்திற்கு வழி செய்கின்றது. ஏழு அலங்காரங்களோ ஏழு தாளங்களையும் கையில் நிறுத்துகின்றன.

எனினும், நம் வரிசைகளையும் உயிரற்ற விரலோட்டமாக்கிவிடுதல் எளிது. சுருதியைக் கேளாது, மனத்தை வேறெங்கோ செலுத்தி, "நூறு தடவை முடிந்தது" என்று எண்ணிக்கை மட்டும் காட்டும் மாணவன், நூறு தடவையும் தன் பிழையையே உறுதிப்படுத்திக்கொள்கின்றான். திரும்பச் செய்தல் நல்லது தீயது அறியாது. எதனைத் திரும்பச் செய்கின்றோமோ அதனையே அது நிலைநாட்டும். சற்றே இறங்கிய காந்தாரத்தை நூறுமுறை வாசித்தவனுக்கு இறங்கிய காந்தாரமே கைவரும்.

ஒரே பாடத்தை ஓயாது வாசிப்பதிலும் பாடங்களை மாற்றி மாற்றி வாசிப்பது சிறந்ததா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 1979ஆம் ஆண்டிலே ஷே, மோர்கன் என்னும் இருவர், கையசைவுகள் மூன்றினை இருவகையாகக் கற்பித்தனர். ஒவ்வொன்றையும் தனித்தனியே முடித்து அடுத்ததற்குச் சென்றோர் பயிற்சியின்போது விரைவாக முன்னேறினர். கலந்து பயின்றோர் இடர்ப்பட்டனர். ஆயின், பின்னர்ச் சோதித்தபோது கலந்து பயின்றோரே கற்றதை நன்கு நினைவிற்கொண்டிருந்தனர். பயிலும்போது எளிதாகத் தோன்றுவது நிலைத்து நிற்கும் என்று எண்ணுதல் தவறு என்பது இதனால் விளங்கும். மேலும், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியோர், வேறு பயிற்சியின்றி ஓரிரவு உறங்கி எழுந்தபின் ஏறத்தாழ 20 வீதம் விரைவு கூடப் பெற்றனர் என 2002ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறும். துயிலைக் குறைத்துச் சாதகத்தைக் கூட்டுவோர் இதனைக் கருத்திற் கொள்க.

நம் மாவட்டத்து இறத்தோட்டை, எல்கடுவை மலைகளிற் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் கைகளை நோக்குமின். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கண்ணிமைக்கும் பொழுதிற் கிள்ளும் அவ்விரல்கள், செடியை விட்டு அகன்று தனியே விரலசைத்துப் பழகினவையல்ல. ஒரே செயலை நாள் முழுதும் செய்யினும் ஒவ்வொரு செடியும் வேறு. ஒவ்வொரு கிளையும் வேறு. முற்றியதை விலக்கி இளந்தளிரைத் தேர்வது கண். அக்கண்ணுக்கு ஏவல் செய்வது விரல். இசையிலே அக்கண்ணின் இடத்தில் நிற்பது செவியாகும். அத்தாய்மார் மாலையிற் கொண்டு செல்லும் கைவலியும், அளவு மிஞ்சிய ஒரே அசைவு உடலை வருத்தும் என்பதற்குச் சான்றாம்.

அவ்வருத்தம் இசைவாணர்க்கும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் புகழ்மிக்க பியானோக் கலைஞர் லியோன் பிளைஷர் (1928–2020), 1960களின் நடுவிலே வலக்கை விரல்கள் தாமாகவே சுருண்டுகொள்ளும் நோயினால் தாக்குண்டு, பல ஆண்டுகள் இடக்கையால் மட்டுமே வாசிக்க நேர்ந்தது. 1990களிலேயே தக்க சிகிச்சையினால் இரு கைகளாலும் மீண்டும் மேடையேறினார். நுண்ணிய அசைவுகளை மிகுதியாகத் திரும்பச் செய்யும் தொழிலினரிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்படுகின்றது. "வலித்தாற்றான் கை படியும்" என்று பிள்ளைகளை ஊக்குவோர் இதனை மறத்தலாகாது.

இதுகாறும் கூறியவற்றால், விரற் பயிற்சி பயன் தருமா என்னும் வினாவுக்கு விடை, "செவியோடு கூடின் தரும், செவியை நீக்கின் தராது" என்பதேயாம். இதனை நடைமுறைக்குக் கொணரச் சில நெறிகள் கூறுவோம். வாசிக்குமுன் வாயாற் பாடுக; அல்லது சொல்லுக. பிழை நேராத மெதுவான காலத்திலே தொடங்கி, ஒலி தெளிந்தபின்னரே காலத்தை உயர்த்துக. ஒரே வரிசையில் நெடுநேரம் தங்காது, இரண்டு மூன்று வரிசைகளை மாற்றி மாற்றி வாசிக்க. ஒரு நாளில் நெடும்பொழுது வருந்துவதினும் நாள்தோறும் சிறுபொழுது பயில்க. கையில் வலியோ மரமரப்போ தோன்றின் உடனே நிறுத்துக. பயிற்சிக்குப் பின் பாட்டொன்றினை வாசித்தே எழுக. எதற்காகப் பயில்கின்றோம் என்பதனை அது நெஞ்சிற்கு நினைவூட்டும். கீர்த்தனையில் விரல் இடறும் இடம் ஒன்று உண்டாயின், அவ்விடத்தையே சிறு பயிற்சியாக்கிக் கொள்ளுதல் பொதுவான பயிற்சிகள் பலவற்றினும் மேலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை எத்தனை தடவை வாசித்தான் என்று கேளற்க. இன்று எந்த இடம் தெளிந்தது என்று கேட்க. முந்திய வினா விரலை எண்ணுகின்றது. பிந்திய வினா செவியைத் திறக்கின்றது. வாய்பாட்டை ஒப்பிப்போர்க்கும், கொப்பியில் எழுத்துப் பழகுவோர்க்கும், மைதானத்திற் பந்தெறிந்து பழகுவோர்க்கும் இவ்வுண்மை ஒக்கும். நம் கல்லூரியிற் பயிலும் இளைஞர், தாம் மேற்கொள்ளும் கலை எதுவாயினும், எண்ணிக்கையால் அமையாது கருத்தூன்றிய பயிற்சியால் உயர்ந்து, தாய்க்கல்லூரிக்கும் பிறந்த மண்ணுக்கும் பெருமை சேர்ப்பாராக.