பீருக்கு 50 மார்க்! போடுவது யார்? விலை போவது யார்?

பெங்களூரு: "ஒரு பீர் கொடுப்பா" என்று கேட்ட காலம் போய், "முதல்ல சாம்பிள் கொடு, ருசி பார்த்துட்டு சொல்றேன்" என்று கேட்கும் காலம் பெங்களூருவுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது.

இந்திராநகர், ஒயிட்பீல்டு பக்கம் உள்ள மைக்ரோ புரூவரிகளில் சனிக்கிழமை சாயந்திரம் எட்டிப் பார்த்தால் இது புரியும். ஒரு மரப்பலகையில் ஐந்தாறு சின்ன கிளாஸ். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் பீர். அதை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, செல்போனில் ஸ்டார் போட்டுக் கொண்டிருக்கிறார்கள் 'குடிமகன்கள்'.

குடிக்கிறதுக்கு எதுக்கப்பா மார்க் என்று சிரிக்கலாம். ஆனால் அந்த மார்க்கை நம்பித்தான் பல சின்னக் கம்பெனிகளின் பிழைப்பே ஓடுகிறது. மார்க் கூடியதால் ஒரு சாமியார் மடமே திண்டாடிப் போன கதை உண்டு. மார்க் போடும் இடத்தையே பெரிய பீர் கம்பெனி விலைக்கு வாங்கிப் போட்ட கதையும் உண்டு.

மைக்ரோ புரூவரி என்றால் என்ன?

பார்லியை முளைக்க வைத்து வறுத்தெடுத்த மால்ட், கசப்புக்கும் வாசனைக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, புளிக்க வைக்க ஈஸ்ட், அப்புறம் தண்ணீர். பீர் என்றால் அடிப்படையில் இந்த நாலுதான். பெரிய கம்பெனிகள் இதை லட்சக்கணக்கான பாட்டில்களில், எந்த ஊரில் திறந்தாலும் ஒரே ருசி வருகிற மாதிரி தயாரிக்கின்றன.

மைக்ரோ புரூவரி அப்படி இல்லை. பாரின் உள்ளேயே ஸ்டீல் டேங்க் வைத்து, அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்க வைத்து, நேராக குழாயில் பிடித்துக் கொடுக்கிறார்கள். பெங்களூருவில் 2010-11 வாக்கில் இந்தக் கடைகள் தலைதூக்கின. இந்திராநகர் 100 அடி ரோட்டில் உள்ள 'டாய்ட்' 2010-ல் வந்தது. பாசுமதி அரிசி போட்டு அவர்கள் காய்ச்சும் பீர் பிரபலம். இப்போது நகரம் பூராவும் இந்த மாதிரி கடைகள்.

சின்ன டேங்க் என்பதால் ஒவ்வொரு தடவையும் ருசி கொஞ்சம் மாறும். போன வாரம் பிரமாதமாக இருந்தது இந்த வாரம் சுமாராக இருக்கலாம். அதனால்தான் இங்கே ருசி பார்ப்பது முக்கியம்.

50 மார்க் கணக்கு

பீருக்கு மார்க் போடுவதற்கு பல முறைகள் இருந்தாலும், உலகம் முழுக்க போட்டிகளில் அதிகம் புழங்குவது அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய 'பி.ஜே.சி.பி.' என்ற நடுவர் அமைப்பின் முறை. மொத்தம் 50 மார்க்.

வாசனைக்கு 12. பார்வைக்கு 3. ருசிக்கு 20. வாயில் படும் தன்மைக்கு 5. மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10.

45-க்கு மேல் வாங்கினால் உலகத் தரம். 38 முதல் 44 வரை அருமை. 30 முதல் 37 வரை ரொம்ப நல்லது. 21 முதல் 29 வரை நல்லது. 14 முதல் 20 வரை சுமார். 13-க்குக் கீழே போனால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பார்வைக்கு வெறும் 3 மார்க்தான். பளபளவென்று தங்க நிறத்தில் இருந்தால் நல்ல பீர் என்று நாம் நினைக்கிறோம். நடுவர்கள் கண்ணை விட மூக்கைத்தான் நம்புகிறார்கள்.

இன்னொன்று, எல்லா பீரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டார்கள். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வர வேண்டும். அது ஈஸ்ட் கொடுக்கும் வாசனை. கலங்கலாக இருந்தாலும் தப்பில்லை. அதே வாசனையும் கலங்கலும் தெளிவான லாகர் பீரில் வந்தால் மார்க் காலி. கறுப்பு நிற ஸ்டவுட் பீரில் காபி மாதிரி வறுத்த வாசனை வர வேண்டும். ஐ.பி.ஏ. என்றால் கசக்கத்தான் வேண்டும். "எனக்கு கசப்பு புடிக்காது" என்று ஐ.பி.ஏ.வுக்கு மார்க் குறைப்பது, பாகற்காய் கசக்குது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது மாதிரி.

ருசி பார்ப்பது எப்படி?

* முதலில் கிளாஸ். சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழிகள் அங்கங்கே ஒட்டிக் கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். தயங்காமல் மாற்றித் தரச் சொல்லலாம்.

* ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தால் வாசனையும் ருசியும் தெரியாது. கோளாறும் தெரியாது! கொஞ்சம் குளிர் தணியட்டும்.

* ஊற்றியதும் முதல் வேலை மோந்து பார்ப்பது. சில வாசனைகள் சீக்கிரமே பறந்து போய்விடும்.

* ஒயின் நடுவர்கள் வாயில் வைத்து கொப்பளித்துத் துப்புவார்கள். பீரில் ஒரு வாய் விழுங்கித்தான் பார்ப்பார்கள். விழுங்கிய பிறகு நிற்கும் கசப்பும் கணக்கில் வரும்.

* லேசானதில் தொடங்கி, கசப்பானது, கறுப்பானது, போதை அதிகமானது கடைசியில். முதலிலேயே ஐ.பி.ஏ. குடித்தால் அப்புறம் வருவதெல்லாம் தண்ணீர் மாதிரிதான் தெரியும்.

* நடுநடுவே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும். மிளகாய்ப் பொடி போட்ட சைடு டிஷ் வேண்டவே வேண்டாம். நாக்கு எரிந்தால் மார்க் போட முடியாது.

வெண்ணெய் வாசம் அடித்தால்...

கெட்டுப் போன பீரைக் கண்டுபிடிக்க சில அடையாளங்கள் இருக்கின்றன. தியேட்டர் பாப்கார்ன் மாதிரி வெண்ணெய் வாசம் வந்தால் 'டையசிட்டைல்' என்ற பொருள் மிஞ்சி நிற்கிறது. பல சமயம், ஈஸ்ட் வேலை முடிப்பதற்குள் அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பச்சை ஆப்பிள் வாசம் வந்தாலும் அவசரம்தான் காரணமாக இருக்கும்.

வேக வைத்த மக்காச்சோளம் மாதிரி அடித்தால் காய்ச்சியது போதவில்லை. நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி இருந்தால் காற்று பட்டு பழசாகிவிட்டது. புளிக்கக் கூடாத பீர் புளித்தால் குழாயோ டேங்கோ சுத்தமில்லை. வெயில் பட்ட பாட்டிலில் ஒரு துர்நாற்றம் வரும். பீர் பாட்டில் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பதற்கு காரணம் இதுதான்.

ஆகவே "நல்லா இல்ல" என்று சொல்வதை விட "வெண்ணெய் வாசம் வருது" என்று சொன்னால் காய்ச்சுகிறவருக்கு எங்கே தப்பு என்று தெரியும். ஒரு ஸ்டாரால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்

போட்டிகளில் எந்த கம்பெனி பீர் என்று நடுவர்களுக்கு சொல்ல மாட்டார்கள். கிளாஸில் நம்பர் மட்டும்தான். ஏன் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது.

எம்.ஐ.டி. கல்லூரி பக்கம் உள்ள பார்களுக்கு வந்தவர்களிடம் இரண்டு கிளாஸ் கொடுத்தார்கள். ஒன்றில் சாதா பீர். இன்னொன்றில் அதே பீரில் சில சொட்டு வினிகர். விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வினிகர் பீர்தான் நல்லா இருக்கு என்றார்கள். வினிகர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது பெரும்பாலோர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். குடித்த பிறகு சொன்னால்? "பரவாயில்லை, நல்லாத்தான் இருந்துச்சு" என்றவர்களே அதிகம். 2006-ல் வெளியான ஆய்வு இது. அதாவது நாக்குக்கு முன்னால் காது ருசி பார்த்துவிடுகிறது.

இதனால்தான் 'மூன்று கிளாஸ் சோதனை' வந்தது. மூன்றில் இரண்டு ஒரே பீர், ஒன்று மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் கையாளப்பட்ட முறை இது. நண்பர்கள் சேர்ந்து வீட்டிலேயே செய்து பார்க்கலாம். "என் பிராண்டை கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன்" என்று பந்தயம் கட்டுகிறவர்கள் பலர் இங்கே கவிழ்ந்து விடுவார்கள்.

மடத்துக்கு வந்த சோதனை

பெல்ஜியம் நாட்டில் வெஸ்ட்விளேட்டரன் என்ற கிராமத்தில் செயின்ட் சிக்ஸ்டஸ் என்று ஒரு கிறிஸ்தவ துறவிகள் மடம் இருக்கிறது. 1830-களின் கடைசியில் இருந்து அங்கே துறவிகள் பீர் காய்ச்சி வருகிறார்கள். மடத்துச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். விளம்பரம் இல்லை. பாட்டிலில் பேப்பர் லேபிள் கூட ஒட்டாமல் விற்றவர்கள்.

2005-ல் 'ரேட்பீர்' என்ற இணையதளத்தில் ஆயிரக்கணக்கானோர் போட்ட மார்க்கில் இந்த மடத்தின் '12' என்ற பீர் உலகத்திலேயே முதலிடம் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதான். மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. இருந்த சரக்கு தீர்ந்து போனது. வேறு யாராக இருந்தாலும் இன்னும் நாலு டேங்க் வாங்கிப் போட்டிருப்பார்கள். துறவிகள் மறுத்துவிட்டார்கள். பீர் விற்பது மடம் நடத்தத்தான், மடம் நடத்துவது பீர் விற்க அல்ல என்பது அவர்கள் கொள்கை. போனில் முன்பதிவு, கார் நம்பரைப் பதிவு செய்வது, வாங்கியதை மறுவிற்பனை செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். 2019-ல் முன்பதிவு ஆன்லைனுக்கு மாறியது.

மார்க் போட்ட இடமே விலை போனது!

அந்த ரேட்பீர் 2000-ல் பீர் ரசிகர்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஊர் பேர் தெரியாத சின்ன ஆலைக்காரர்கள் வெளிச்சத்துக்கு வர அது ஒரு வழியாக இருந்தது. டி.வி. விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவனுக்கு மார்க்தான் விளம்பரம்.

அதே காலத்தில் பெரிய கம்பெனிகள் சின்ன ஆலைகளை வளைத்துப் போட ஆரம்பித்தன. நம்ம ஊரிலும் விற்கும் பட்வைசரைத் தயாரிக்கும் ஏ.பி. இன்பெவ், 2011-ல் சிகாகோவின் 'கூஸ் ஐலண்ட்' ஆலையை வாங்கியது. அடுத்து அதன் துணை நிறுவனம் 2016-ல் ரேட்பீரின் ஒரு பங்கையும் வாங்கியது. வெளியே தெரிந்தது 2017 ஜூனில்தான்.

பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாள் திருத்துகிறவரையும் வைத்துக் கொண்டால் எப்படி? சின்ன ஆலைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 'டாக்பிஷ் ஹெட்' என்ற ஆலை, எங்கள் பீரை உங்கள் பட்டியலில் இருந்தே எடுத்து விடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டது.

அதே 2017 ஜூனில் அமெரிக்க சின்ன ஆலைகளின் சங்கம், தலைகீழான பாட்டில் படம் போட்ட முத்திரையை வெளியிட்டது. இது சொந்தக் காலில் நிற்கும் ஆலை என்பதற்கு அது அடையாளம். பெரிய மது கம்பெனியின் பங்கு 25 சதவீதத்தை எட்டினால் முத்திரை கிடையாது.

2019-ல் ரேட்பீர் முழுக்கவே ஏ.பி. இன்பெவ் கைக்குப் போனது. 2025 பிப்ரவரி 1-ந்தேதி இழுத்து மூடப்பட்டது. ரசிகர்கள் கால் நூற்றாண்டாக காசு வாங்காமல் எழுதிப் போட்ட குறிப்புகளுக்கு இருந்த இடம் அதோடு போனது.

நம்ம ஊருக்கு என்ன பாடம்?

பெங்களூரு கடைகளுக்கும் இன்று செல்போன் ஸ்டார்தான் உயிர். அந்த ஸ்டாரில் பீர் ருசி எவ்வளவு, பாட்டு சத்தம் எவ்வளவு, பார்க்கிங் கிடைக்காத கோபம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஸ்டாரைப் பார்க்காமல் கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். வாசனை, கசப்பு, எந்த வகை என்று எழுதியிருந்தால் எழுதியவர் குடித்துப் பார்த்திருக்கிறார். "சூப்பர்", "மட்டம்" என்று மட்டும் இருந்தால் தாண்டிப் போகலாம். மார்க் போடும் இடம் யாருடையது என்றும் ஒரு தடவை விசாரித்துக் கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு கணக்கு. சாம்பிள்தானே என்று 100 மில்லி வீதம் ஆறு கிளாஸ் பார்த்தால் 600 மில்லி. பெரிய பாட்டிலே 650 மில்லிதான்! சாதா பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் துறவிகளின் '12'-ல் 10 சதவீதத்துக்கும் மேல். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை ஜெயில். பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது.

50-க்கு 50 வாங்கிய பீராக இருந்தாலும் போலீஸ்காரர் ஊதச் சொல்லும் மிஷினுக்கு மார்க் தெரியாது. ருசி பார்க்கப் போகிறவர்கள் வண்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.