ஆடாதோடைப் போத்தும் நாற்று மண்ணும்

ஆடு வாய் வையாத ஆடாதோடையை வேலியில் வளர்ப்பது நமது குடியானவர்களின் பழைய வழக்கம். இருமலுக்கும் இரைப்புக்கும் இதன் இலை மருந்தாவதை யாவரும் அறிவர். இவ்விலையிலுள்ள வாஸிஸின் என்னும் சத்தை 1888-ஆம் வருஷத்தில் ஹூப்பர் என்பவர் பிரித்தெடுத்தார்.

இச்செடியைப் போத்து நட்டு விருத்தி செய்வது எளிது. ஆயினும் பலர் எருக்குழி ஓரத்திலோ களிமண்ணிலோ ஊன்றி, போத்துகள் அழுகக் கண்டு, மழைப் பருவத்தை வீணாக்குகின்றனர். குற்றம் போத்தினுடையதன்று, மண்ணினுடையது. வேரில்லாத போத்துக்கு எருவினால் பயனில்லை. தண்டில் சேர்ந்துள்ள உணவைக் கொண்டே அது வேர் விடுகின்றது. அப்போது மண்ணிலிருந்து அதற்கு வேண்டுவன ஈரமும் காற்றுமே.

களிமண்ணில் நீர் தேங்கிக் காற்று அற்றுப்போகும். ஆற்று மணலில் காற்றோட்டம் உண்டு. ஆனால் விரைவில் காயும். வேர் விட்டபின் உணவும் கிடையாது. தென்னை நார்க்கழிவு ஈரத்தை நெடுநேரம் காக்கும். எனினும் அதிலுள்ள உப்பை நீரில் அலசிப் போக்கிய பின்னரே உபயோகிக்கவேண்டும். ஆகையால் செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுஎரு ஆகியவற்றைச் சமபாகமாய்க் கலப்பது உத்தமம். எரு, வேர் விட்டபின் உதவும்.

அரை முற்றலான கிளையில் 6 முதல் 8 அங்குல நீளத்தில், 3 அல்லது 4 கணுக்களுள்ள துண்டுகளைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடியிலைகளைக் களைந்து, 2 கணுக்கள் புதையுமாறு நிழலில் ஊன்றவேண்டும். தலைகீழாய் ஊன்றலாகாது. துளிர் கண்டவுடன் பிடுங்குதலும் தவறு. வேருக்கு முன்னரே துளிர் வருவதுண்டு.

நிலமுடையோர் ஒவ்வொரு மண்ணிலும் பத்துப் போத்துகளை ஊன்றிப் பார்ப்பாராக. கிராம அதிகாரிகள் அச்சிறு பாத்தியை ஊராருக்குக் காட்டின், அடுத்த பருவம் வீணாகாது.